புதுப்பிப்பு: பழைய கார்புரேட்டர் காரில் வேக்கம் கேஜ், மைலேஜ் ஏறியது

1994 மாடல் கார், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தாண்டவில்லை என்று இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, ‘முதலில் வேக்கம் கேஜ் (என்ஜின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தை அளக்கும் மீட்டர்) மாட்டிப் பாருங்கள்’ என்ற யோசனைதான்.

மேனிஃபோல்டிலிருந்து (என்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) டி வடிவ கனெக்டர் போட்டு மாட்டினேன். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) முள் ஆடாமல் 14 அங்குலத்தில் (பாதரச அளவு) நின்றது. சமவெளியில் 17 முதல் 21 வரை காட்ட வேண்டும். ஆடாமல் குறைவாக நின்றால் காற்றுக் கசிவோ, டைமிங் (ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரம்) பிந்தியிருப்பதோ காரணம். எனக்கு இரண்டும்! பிரேக் பூஸ்டருக்கு (பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பாகம்) மேனிஃபோல்டிலிருந்து போகும் ஹோஸ் அடிப்பக்கம் வெடித்திருந்தது, மாற்றியதும் 16. டைமிங்கைச் சரிசெய்ததும் 18. ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளினேன், மேடு ஏறும்போது நாக்கிங் (என்ஜினில் தட்டும் சத்தம்). மேனுவலில் உள்ள அளவுக்கே திரும்பிவிட்டேன்.

மூன்று முறை டேங்க் நிரப்பிக் கணக்குப் பார்த்தேன்: லிட்டருக்கு 14.5 கிலோமீட்டர். இந்த ஏற்றத்தில் பாதி, முள்ளைப் பார்த்து ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கப் பழகியதால் வந்தது என்பது என் கணிப்பு.

எதிர்பாராதது: ஊட்டியில் முள் 11-க்கு இறங்கியது. பதறிவிட்டேன். ஆயிரம் அடி உயரத்துக்குச் சுமார் ஓர் அங்குலம் குறையுமாம். மேட்டுப்பாளையம் இறங்கியதும் பழையபடி 18.