ஒவ்வொரு குழியையும் எப்படி ஆடுகிறீர்கள்? சிங்கப்பூர் கோல்ஃப் நண்பர்களின் அனுபவப் பகிர்வு

ஈசூன்வாசி

கோல்ஃப் ஆடுகிறவர்கள் கூடினால் எந்த டிரைவர் மட்டை வாங்கலாம், எந்தப் பந்து தூரம் போகும் என்பதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. ஒரு குழியை, முதல் அடி அடிக்கும் டீயிலிருந்து கொடிவரை எப்படி யோசித்து ஆடுவது என்பதைப் பற்றி நம்மவர்கள் மனம்விட்டுப் பேசிக் கேட்பது அரிது. நீங்கள் நேரில் கண்டதை, உடன் ஆடியவர்களிடம் கற்றதை இங்கே எழுதுங்கள். முதலில் நான் எழுதுகிறேன்.

ஆர்க்கிட் கண்ட்ரி கிளப்பில் விளக்கு வெளிச்சத்தில் இரவு ஆட்டம். எங்கள் ஃபிளைட்டில் (சேர்ந்து ஆடும் குழுவில்) நான்காவது ஆளாக ஓர் ஐயா வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், எழுபதை நெருங்கிய வயது. டிரைவரால் 170 மீட்டரைத் தாண்டமாட்டார். என் நண்பரோ 230 மீட்டர் அடிப்பவர். முதல் டீயில் இருவரையும் பார்த்தவர்கள் நண்பர்தான் நன்றாக ஆடுவார் என்று சொல்லியிருப்பார்கள்.

360 மீட்டரில் ஒரு பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி. கொடி நிற்கும் குட்டைப் புல்தரையான கிரீனுக்கு முன்னால் குளம். ஐயா டீயில் நின்று, நடுவிலுள்ள வெட்டிய புல்வெளியான ஃபேர்வேயைப் பார்க்கவில்லை, கொடியைப் பார்த்தார். பிறகு டிரைவரைத் தொடாமல், அதைவிடக் குறைந்த தூரம் போகும் ஹைப்ரிட் மட்டையை எடுத்தார். 150 மீட்டர் போயிற்று. அடுத்து 7 அயர்ன், 120 மீட்டர். மீதி 90. அது அவருடைய குறுந்தூர மட்டையான வெட்ஜின் முழு வீச்சு. பந்து குளத்தைத் தாண்டி கிரீனின் நடுவில் விழுந்தது. கிரீனில் பந்தை உருட்டும் பட் இரண்டில் முடித்தார். மொத்தம் ஐந்து அடிகள்.

நண்பரின் டிரைவ் அருமையாகப் போனது, ஆனால் ஓரத்து நீண்ட புல்லான ரஃபில் நின்றது. அங்கிருந்து கொடிக்கு 130. பந்து குளத்தில் விழுந்தது. தண்டனை அடி ஒன்று. அடுத்தது கிரீனைத் தாண்டி ஓடியது. ஒரு சிப் (கிரீனுக்கு அருகிலிருந்து தட்டும் சிறிய அடி), இரண்டு பட். ஏழு.

ஐயாவின் ஹேண்டிகேப், அதாவது அவர் திறமைக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகள், 24. அப்படியென்றால் பதினெட்டுக் குழிகளுக்கும் ஓர் அடி சலுகை, அட்டையில் குழியின் கடின வரிசையைக் காட்டும் இன்டெக்ஸ் 1 முதல் 6 வரை உள்ள ஆறு குழிகளுக்கு இரண்டு அடி. அந்தக் குழியின் இன்டெக்ஸ் 3. அவருடைய ஐந்து, நிகரக் கணக்கில் மூன்று, அதாவது பாருக்கு ஓர் அடி குறைவான பர்டி! ஆட்டத்துக்கு முன்பே அட்டையில் ஒவ்வொரு குழிக்கும் தன்னுடைய சொந்தப் பாரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். இந்தக் குழிக்கு 4 என்பதை அடித்து 6 என்று எழுதியிருந்தார்.

நான் கேட்டபோது சொன்னார்: "தம்பி, கிரீனுக்குப் போகும் அடியை எங்கிருந்து அடிக்க ஆசைப்படுகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். டீயில் எந்த மட்டை என்பது அதற்குப் பிறகு தெரியும்."

பின்னாலிருந்து முன்னால் கணக்குப் போடுவது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இப்போது நான் அப்படித்தான் ஆடுகிறேன்.

தெம்பனிஸ் அக்கா

தம்பி சொன்ன ஐயாவைப் போல ஆடுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களோடு ஆடுவதே ஒரு பாடம். நான் பார் 3 பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கேதான் பலர் யோசிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ஒரே அடியில் கிரீன் என்பதால் நேராகக் கொடியைக் குறிவைக்கிறார்கள்.

கொடி வலது ஓரத்தில், அதற்கு வலப்புறம் மணற்பள்ளமான பங்கர் என்றால், குறி கிரீனின் நடு. எனக்கு அதில் பேச்சே கிடையாது. பந்து கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தால் கொடிக்கு அருகே நிற்கும், இடப்பக்கம் சாய்ந்தாலும் கிரீனில்தான் இருக்கும். கொடியையே குறிவைத்தால் பாதிப் பந்துகள் மணலில்தான். மணலிலிருந்து வெளியே எடுத்தாலும் கொடிவரை உள்ள புல் சிறு துண்டுதான். பந்தை அங்கே நிறுத்துவது கைதேர்ந்தவர்களுக்கே கடினம்.

மட்டை விஷயத்திலும் ஒரு வார்த்தை. முன்பங்கர் உள்ள பார் 3இல் நான் ஒரு மட்டை கூடுதலாக எடுத்து நிதானமாக அடிப்பேன். பெரும்பாலோர் தங்கள் 7 அயர்ன் எவ்வளவு போகும் என்று கேட்டால், வாழ்நாளில் மிக நன்றாகப் பட்ட ஓர் அடியின் தூரத்தைச் சொல்வார்கள். தினசரி அடிக்கும் தூரம் அது இல்லை.

இன்னொன்று, இது நான் நேரில் கண்டது. உடன் ஆடிய ஒரு பெண்மணி புதிதாக வாங்கிய தூரமானியைக் காட்டி 153 என்றார். அதற்கேற்ற மட்டையை எடுத்து மிக அழகாக அடித்தார். பந்து கிரீனுக்கு மேலே பறந்து பின்னால் இருந்த புதரில் மறைந்தது. கருவி கஜத்தில் காட்டியிருக்கிறது. 153 கஜம் என்பது 140 மீட்டர்தான். நம் ஊர்த் திடல்களில் பலகைகள் பெரும்பாலும் மீட்டரில் இருக்கும். புதுக் கருவி வாங்குகிறவர்கள் வீட்டிலேயே அமைப்பைச் சரிபார்த்துவிடுங்கள்.

கிரீனில் புல் எந்தப் பக்கம் சாய்ந்து வளர்கிறது என்பதை நம் வெப்பமண்டலத்தில் பார்க்காமல் இருக்க முடியாது. பெர்முடா புல் கிரீன்களில் குழியின் விளிம்பைக் கவனியுங்கள். ஒரு பக்கம் சீராக வெட்டியது போலவும் மறுபக்கம் புல் பிய்ந்தும் காய்ந்தும் இருக்கும். பிய்ந்த பக்கத்தை நோக்கித்தான் புல் வளர்கிறது. நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து புல் பளபளப்பாகத் தெரிந்தால் பந்து வேகமாக ஓடும், கரும்பச்சையாகத் தெரிந்தால் இழுத்துப் பிடிக்கும். மாலை ஆட்டத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூடும், காலையில் வெட்டிய புல் அதற்குள் வளர்ந்திருக்கும்.

காற்றாடி

மரினா பே திடலில் ஆடியவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? 2006இல் திறந்து 2024 ஜூனோடு மூடிவிட்டார்கள். எல்லாரும் பணம் கட்டி ஆடக்கூடிய 18 குழிப் பொதுத் திடல் அது. உறுப்பினர் கட்டணம் கட்ட வழியில்லாத என் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வாய்ப்பு என்பதைச் சொல்லி முடியாது. அது இல்லாமற்போனதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

அங்கே ஒரு பார் 6 இருந்தது. ஆறு! முதன்முறை அட்டையைப் பார்க்கிறவர்கள் அச்சுப் பிழை என்றே நினைப்பார்கள். அதில் நான் கண்ட விநோதம் ஒன்று உண்டு. நீளத்தைப் பார்த்து மிரண்டவர்கள் எல்லா அடியையும் முழு பலத்தோடு அடித்து எட்டு, ஒன்பது என்று எழுதினார்கள். ஆனால் அந்தக் குழி கேட்டது நான்கு அமைதியான அடிகளைத்தான். நான்காவது அடியில் கிரீனை அடைந்து இரண்டு பட் போட்டால் பார். மொத்த நீளத்தை நான்காக வகுத்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் ஒரு நடுத்தர அயர்ன் அல்லது ஹைப்ரிட் தூரம்தான் வரும். டிரைவரே வேண்டாம். உடன் ஆடிய ஒருவர் அப்படியே ஆடி ஆறு எழுதியதைப் பார்த்த பிறகு நீளமான பார் 5களையும் நான் வகுத்துத்தான் பார்க்கிறேன்.

அந்தத் திடலின் பானை போன்ற ஆழமான பங்கர்கள் வேறொரு பாடம். சுவர் உயரமாக முன்னால் நின்றால் கொடியை மறந்துவிட்டுப் பக்கவாட்டிலோ பின்பக்கமோ வெளியே எடுப்பதுதான் வழி. எதுவும் சரிப்படாது என்றால் 2019இல் வந்த விதி கைகொடுக்கும். இரண்டு தண்டனை அடிகளோடு, குழியையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் பின்னால் போய், பங்கருக்கு வெளியே பந்தைக் கையிலிருந்து கீழே விட்டு ஆடலாம். மணலுக்குள் நின்று நாலைந்து முறை வெட்டுவதைவிட அது மலிவு.

காற்றைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூரில் எப்போதும் ஒரே பருவநிலை என்று நினைப்பவர்கள் ஒரே குழியை ஜனவரியிலும் ஜூலையிலும் ஆடிப் பார்க்க வேண்டும். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவக்காற்று. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தெற்கு, தென்கிழக்கிலிருந்து வீசும். ஆண்டின் ஒரு பாதியில் வெட்ஜில் முடித்த இடத்தில் மறுபாதியில் 7 அயர்ன் தேவைப்படும். எந்த மாதத்தில் எந்த மட்டை என்று குறித்து வைத்திருக்கிறேன். மூடிய திடலின் குறிப்பேட்டைக்கூட நான் தூக்கிப் போடவில்லை.

ரேஸ் கோர்ஸ் ரோடு

சிறிய குறிப்பு ஒன்று. வாழையிலைச் சாப்பாட்டுக்கு நாம் போகிற ரேஸ் கோர்ஸ் ரோட்டின் பக்கத்தில், பழைய குதிரைப் பந்தயத் திடலில்தான் 1891இல் இந்த ஊரின் கோல்ஃப் தொடங்கியது. முதலில் ஒன்பது குழிகள். இன்று ஃபேரர் பார்க் என்று அழைக்கும் இடம். நம் வட்டாரத்திலிருந்து புறப்பட்ட ஆட்டம் இது. நமக்கு அந்நியம் என்று நம் பிள்ளைகள் யாரும் ஒதுங்க வேண்டாம்.

நீர்த்தேக்கக் கரை

நான் கண்டது குரங்கு. ஃபேர்வேயில் நடுவாக நின்ற பந்தை ஒரு நெடுவால் குரங்கு எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. உடன் இருந்த இருவர் தண்டனை உண்டா இல்லையா என்று வாதிட்டார்கள். தண்டனை கிடையாது. பந்து நின்ற இடத்தில் வேறொரு பந்தை வைத்து ஆடலாம். சரியான இடம் தெரியாவிட்டால் நியாயமாக மதிப்பிட்டு வைக்க வேண்டும். பக்கி வண்டியில் ரொட்டி, பழம் எதையும் திறந்து வைக்காதீர்கள்.

கடற்பாலப் பயணி

நான் பெரும்பாலும் ஜோகூரில் ஆடுகிறவன். விடியலுக்கு முன்பே உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைக் கடந்தாக வேண்டும். வண்டியில் உட்கார்ந்தே வந்ததால் இடுப்பு இறுகியிருக்கும். அதனால் முதல் மூன்று குழிகளுக்கு எனக்குத் தனித் திட்டம் உண்டு. டிரைவர் கிடையாது, தண்ணீரைத் தாண்டும் அடி கிடையாது, பாருக்கு ஓர் அடி கூடுதலான போகி எழுதினால் மகிழ்ச்சி. நான்காவது குழியிலிருந்துதான் என் ஆட்டம்.

அங்கே எனக்கு வாய்த்த பெரும் பேறு, மட்டைப் பையைக் கவனித்து வழிகாட்டும் ஒரு கேடி அம்மா. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், பல ஆண்டுகளாக அதே திடலில் கேடி. தமிழில் பேசிக்கொண்டே ஆடுவது எவ்வளவு சுகம் என்பதை அவரோடுதான் அறிந்தேன். ஒரு குழியில் ஃபேர்வே முழுவதும் வலப்பக்கம் சரிந்திருக்கும், சரிவின் முடிவில் செம்பனை மரங்கள். நான் ஃபேர்வேயின் நடுவைப் பார்த்து நின்றேன். அவர் என் தோளைத் தொட்டு, "அங்கே இல்லை ஐயா, இடப்பக்க ரஃபைப் பார்த்து அடியுங்கள், மண் உங்கள் பந்தை நடுவுக்குக் கொண்டுவரும்" என்றார். சொன்னபடியே நடந்தது. நடுவில் விழும் பந்து அங்கே மரத்தடியில்தான் நிற்கும்.

டீயில் எந்த ஓரத்தில் நிற்பது என்பதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஆபத்து வலப்பக்கம் என்றால் டீயின் வலது ஓரத்தில் பந்தை வைக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஃபேர்வேயின் இடப்பக்கம் அகலமாகத் திறந்து தெரியும், உடலும் ஆபத்தை விட்டு விலகித் திரும்பும். டீயின் எல்லைக் குறிகள் இரண்டுக்கும் சரிநடுவில்தான் நிற்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. குறிகளுக்கு இடையில், பின்பக்கமாக இரண்டு மட்டை நீளத்துக்குள் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

பருவ மழைக்காலத்தில் அவர் சொன்ன இன்னொன்று: "இன்று பந்து விழும் இடம்தான் நிற்கும் இடம்." ஈரத் தரையில் உருளல் இருக்காது. உலர்ந்த நாளில் உருண்டு போய்ப் பங்கரைத் தொடும் டிரைவ், மழைக்குப் பிறகு அதற்கு முன்பே நின்றுவிடும். ஆக மழை பெய்த நாளில் சில குழிகளில் டிரைவரைத் துணிந்து எடுக்கலாம்.

சைரன் கேட்டவன்

மழை என்றதும் என் பங்கு. மின்னல் எச்சரிக்கைச் சைரன் ஒலித்த பிறகும் "இந்த ஒரு பட்டை முடித்துவிட்டுப் போகலாம்" என்று நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வரும் இடம் இது ஒன்றுதான். உலகில் இடிமின்னல் மிகுந்த இடங்களில் நம் ஊரும் ஒன்று. கையில் இருப்பது உலோகத் தண்டு, நிற்பது வெட்டவெளி. உடனடி நிறுத்த அறிவிப்பு வந்தால் விதிப்படியும் ஓர் அடிகூட அடிக்கக் கூடாது. பந்தை அங்கேயே விட்டுவிட்டு ஓடுங்கள்.

சுமத்ராவிலிருந்து வரும் விடிகாலைக் காற்றுமழை ஓய்ந்து ஆட்டம் மீண்டும் தொடங்கும்போது அது வேறு திடல். கிரீன் மெதுவாகியிருக்கும், பங்கர் மணல் இறுகியிருக்கும். இறுகிய மணலில் மட்டையின் முகத்தை அகலத் திறந்து அடித்தால் அது துள்ளி எழும்பிப் பந்தின் நெற்றியில் படும். முகத்தைக் கொஞ்சம் நேராக்கி அடிக்க வேண்டும். ஃபேர்வேயில் தேங்கிய நீரில் பந்து இருந்தாலோ, நிற்கும் இடத்தில் காலடியில் நீர் கண்ணுக்குத் தெரிந்தாலோ தண்டனையில்லாமல் விலகி ஆடலாம். கேட்க வெட்கப்பட்டு நனைந்த காலணியோடு ஆடுகிறவர்கள் பலர்.

தெம்பனிஸ் அக்கா

கேடி அம்மா சொன்ன டீ ஓர விஷயம் எனக்கும் புதிது. நன்றி கடற்பாலத் தம்பி. ஈசூன் தம்பிக்கு ஒரு கேள்வி. அந்த ஐயாவின் பந்து குளத்தில் விழுந்திருந்தால் என்ன செய்திருப்பார்?

ஈசூன்வாசி

நல்ல கேள்வி அக்கா. வேறொரு குழியில் அது நடந்தது. ஃபேர்வேயின் வலப்பக்கம் ஓடி வந்து கிரீன் ஓரமாக முடியும் ஒரு நீர்நிலை, எல்லையைக் காட்டச் சிவப்புக் குச்சிகள். பந்து கரையைக் கடந்த இடத்திலிருந்து கொடிக்கு 40 மீட்டர்தான். ஓர் அடி தண்டனையோடு இரண்டு மட்டை நீளத்துக்குள் பந்தை விட்டிருக்கலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், கொடி அவ்வளவு அருகில் தெரிந்தது.

அவர் அந்த இடத்தை ஒருமுறை பார்த்தார். சரிவு, நீண்ட புல், 40 மீட்டருக்கு அரை வீச்சு. வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, கொடியையும் பந்து கடந்த இடத்தையும் இணைக்கும் கோட்டைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார். அந்தக் கோட்டில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம், தண்டனை அதே ஓர் அடிதான். 90 மீட்டர் வந்ததும் சமதளத்தில் நின்றார். முழங்கால் உயரத்திலிருந்து பந்தை விட்டார். வெட்ஜை எடுத்து, தினமும் அடிக்கும் அதே முழு வீச்சு. பந்து கொடிக்கு மூன்று மீட்டரில் நின்றது.

கொடியிலிருந்து விலகி அத்தனை தூரம் பின்னால் நடக்க எனக்கு மனம் வராது. அடுத்த ஆட்டத்தில் வாய்த்தால் நடந்து பார்க்கப் போகிறேன். நீங்கள் யாராவது முந்திக்கொண்டால் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், எந்தத் திடல், எந்தக் குழி என்பதோடு.