தன்னெதிர்ப்பொருளா, தன்பொருளெதிரியா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

மே 10 உலக லூபஸ் நாள். உடலின் நோயெதிர்ப்பு தன் உடலையே தாக்கும் நோய்தான் லூபஸ். அன்று தண்டையார்பேட்டையில் நோயாளிகளோடு உட்கார்ந்து, ரத்தப் பரிசோதனைத் தாளை வாசிக்கக் கற்றுக்கொடுக்கப் போகிறோம். துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அதில், உடல் தன்னையே எதிர்த்துச் செய்துகொள்ளும் புரதமான ‘ஆட்டோ ஆன்டிபாடி’க்குத் தமிழ்ச் சொல் கேட்டேன், நாற்பது மடல் வந்துவிட்டது. எல்லாவற்றையும் படித்தேன்.

> ஈழத்துப் பாடநூல்களில் ஆன்டிபாடிக்குப் பிறபொருளெதிரி இருக்கிறதே. முன்னால் ‘தன்’ சேர்த்தால் போதும்.

போதாது ஐயா. வெளியிலிருந்து வரும் பொருளை எதிர்ப்பதால்தான் அது பிறபொருளெதிரி. லூபஸில் அடி விழுவது நம் சொந்த உயிரணுவின் கருவுக்கும் டிஎன்ஏவுக்கும். ‘தன்’னும் ‘பிற’வும் ஒரே சொல்லில் எப்படி நிற்கும்? ‘பிற’வை எடுத்துவிட்டுத் ‘தன்பொருளெதிரி’ என்று அக்கா சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. உடனே அது தன்பொருளா, தற்பொருளா என்று மூன்று நாள் போயிற்று. ‘தன்’னின் ஈற்று னகரம் வல்லினத்தின் முன் உறழும் என்று நன்னூலே இரண்டுக்கும் இடம் தருகிறது. தற்காப்பு, தற்கொலை என்று பழகிய காதுக்குத் ‘தற்’ இயல்புதான். ஆனால் தற்பொருளைத் தற்போதைய பொருள் என்று யாராவது படிப்பார்கள்.

> தன்னெதிர்ப்பொருள். ஆன்டிபாடிக்கு நம் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது எதிர்ப்பொருள்தான்.

இங்கே எனக்கு ஓர் இடறல். இதைத் ‘தன்னுடைய எதிர்ப்பொருள்’ என்றும் விரிக்கலாம். எல்லா எதிர்ப்பொருளையும் உடல் தானேதான் செய்துகொள்கிறது. ‘தன்னை எதிர்க்கும் பொருள்’ என்று இரண்டாம் வேற்றுமையாக விரிந்தால்தான் பொருள் சரிவரும்.

லூபஸ் லத்தீனில் ஓநாய், ஆகவே ‘ஓநாய்ப்படை’ என்ற யோசனை வேண்டாம். கன்னத்தில் சிவந்த தடிப்போடு எதிரே இருப்பவரிடம் அந்தச் சொல்லை என்னால் சொல்ல முடியாது. குறளின் 89ஆம் அதிகாரத்து ‘உட்பகை’ அழகுதான். குழாயில் அளக்கும் ஒரு புரதத்துக்கு அது பொருந்தாது.

போன மாதம் காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா ஒருவர், நனைந்து காய்ந்த தாளை நீட்டினார். ஏஎன்ஏ (உயிரணுவின் கருவை எதிர்ப்பது) பாசிடிவ், ஆன்டி ரோ (ரோ என்ற புரதத்தை எதிர்ப்பது) பாசிடிவ். வெயிலில் கூடை முன்னால் உட்கார்ந்தால் மூஞ்சி எரிகிறது என்று முந்தானையை நெற்றிவரை இழுத்துக் காட்டினார். ஆன்டி ரோவுக்கும் வெயில் தடிப்புக்கும் தொடர்புண்டு, கருவுற்றால் குழந்தையின் இதயத் துடிப்பையும் கவனிக்க வேண்டும் என்றேன். “அப்போ என் ஒடம்பே என்னை அடிக்குதா?” என்று கேட்டார். அன்றிலிருந்து, யாரை எதிர்க்கிறது என்பது சொல்லுக்குள்ளேயே தெரிய வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

அப்புறம், வரைவில் ‘தொடர்பு’ என்பதைக் ‘காரணம்’ என்று திருத்திய தம்பிக்கு: பழையபடியே இருக்கட்டும். இரட்டை இழை டிஎன்ஏவுக்கு எதிரானது ஏறினால் சிறுநீரகத்தைப் பார்க்கச் சொல்கிறோம். பாஸ்போலிப்பிட் என்னும் கொழுப்புக்கு எதிரான வகை இருந்தால் ரத்தம் உறைவதையும் கருச்சிதைவையும் கவனிக்கச் சொல்கிறோம். ஆனால் ஏஎன்ஏ நலமாக இருப்பவரிடமும் தென்படும். தாளைப் பார்த்ததும் யாரும் பயந்துவிடக் கூடாது.

எண்ணிப் பார்த்தேன்: ஏழு பேர் தன்னெதிர்ப்பொருள், மூன்று பேர் தன்பொருளெதிரி. சரி, பரிசோதனைத் தாளில் இருப்பதால் முதலில் ஆட்டோ ஆன்டிபாடி, பக்கத்தில் தன்னெதிர்ப்பொருள், கீழே ‘தன் உடலையே எதிர்க்கும் பொருள்’ என்று விளக்கம். அந்த மூவரில் நானும் ஒருத்தி, இன்னும் மாறவில்லை. வியாழன் இரவுக்குள் யாராவது மனம் மாறினால் எழுதுங்கள், அச்சகத்தில் சொல்லிவிடுகிறேன்.