சைன் வர்க்கம் + காஸ் வர்க்கம் = 1: ஆற்றல் மாறா விதி இதிலிருந்துதான் பிறந்ததா?

சுருள்வில்:
நேற்று பதினொன்றாம் வகுப்புக்குத் தனிச்சீரிசை இயக்கம் நடத்தினேன். சுருள்வில்லில் தொங்கும் எடையின் இடப்பெயர்ச்சி காஸ் வடிவில் போகிறது, வேகம் சைன் வடிவில் போகிறது. அதனால் நிலை ஆற்றலில் காஸ் வர்க்கம் வருகிறது, இயக்க ஆற்றலில் சைன் வர்க்கம் வருகிறது. இரண்டையும் கூட்டினால் நேரம் சமன்பாட்டை விட்டே மறைந்துவிடுகிறது. மிஞ்சுவது வில்லின் மாறிலியில் பாதியும் வீச்சின் வர்க்கமும் மட்டும். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்த முற்றொருமை இப்படி வந்து நிற்பதைப் பலகையில் பார்த்தபோது எனக்கே சிலிர்த்தது.

என் கருத்து இதுதான்: ஆற்றல் மாறா விதி என்பது அந்த முற்றொருமையேதான், இயற்பியலின் உடையில் வருகிறது. அடிப்படை விதிகள் எல்லாமே இப்படித் திரிகோணமிதியிலிருந்து பிறந்தவை என்று சொல்லலாம் என நினைக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மெய்ப்பு:
மறுப்பு இருக்கிறது சார். நான் கணிதம் நடத்துபவன், அந்த முற்றொருமை எனக்கும் பிடித்ததுதான். ஆனால் நீங்கள் சொல்வது இரண்டு பக்கமும் நிற்காது.

முதல் பக்கம்: தென்னையிலிருந்து தேங்காய் விழுகிறது. அதன் கணக்கில் சைனும் இல்லை, காஸும் இல்லை, நேரத்தின் வர்க்கம் மட்டுமே. ஆனாலும் காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால் விழும் வழியெல்லாம் மொத்த ஆற்றல் மாறுவதில்லை. சைன் இல்லாமலே விதி நிற்கிறது.

இரண்டாம் பக்கம்: தையல் மிஷின் ஊசியைப் பாருங்கள். அது ஏறி இறங்குவது ஏறத்தாழ சைன் வடிவம்தான். முற்றொருமை அங்கேயும் நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் ஊசியின் ஆற்றல் மாறாமலா இருக்கிறது? காலால் மிதிப்பவரோ மோட்டாரோ ஒவ்வொரு சுற்றிலும் கொடுத்தும் வாங்கியும் கொண்டிருக்கிறார்கள். அங்கே சைன் இருக்கிறது, விதி இல்லை.

உங்கள் சுருள்வில்லில் வேலை செய்தது ஹூக் விதி. விசை இடப்பெயர்ச்சிக்கு நேர்விகிதத்தில் இருந்ததால்தான் இயக்கம் காஸ் வடிவம் எடுத்தது. விசை இடப்பெயர்ச்சியின் மூன்றாம் படியில் இருக்கும் வில் ஒன்று இருந்தால் இயக்கம் காஸ் வடிவில் போகாது, ஆற்றல் மட்டும் அப்போதும் மாறாது. தனி ஊசலையே எடுங்கள். சிறு கோணத்தில்தான் அது சைன். 60 பாகையிலிருந்து விட்டால் அலைவு நேரம் பாடநூல் சூத்திரத்தைவிட 7 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். 90 பாகையில் 18 விழுக்காடு அதிகம்.

சுருள்வில்:
தையல் மிஷின் உதாரணம் என்னை யோசிக்க வைத்துவிட்டது. சரி, ஆற்றல் விஷயத்தில் நான் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் போட்டிருக்கலாம்.

ஆனால் ஒளியில் என்ன சொல்வீர்கள்? கால்சைட் படிகம் வழியாக ஒளி போகும்போது இரண்டு கற்றையாகப் பிரிகிறது. தளவிளைவுற்ற ஒளி (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி) என்றால், படிகத்தைத் திருப்பிய கோணத்துக்கு ஏற்ப ஒன்றுக்கு காஸ் வர்க்கப் பங்கு, மற்றதற்கு சைன் வர்க்கப் பங்கு. கூட்டினால் உள்ளே போன ஒளி முழுவதும் வந்துவிடுகிறது. இங்கே வில்லும் இல்லை, ஹூக்கும் இல்லை. முற்றொருமை நேரடியாகப் பேசுகிறது.

ஒளிக்கற்றை:
கல்லூரி ஆய்வகத்தில் இந்தச் சோதனையைப் பல வருடமாகச் செய்யவைப்பவள் என்ற முறையில் இதற்குள் வருகிறேன். 1808இல் பிரெஞ்சு இயற்பியலாளர் மாலஸ் பாரிஸில் லக்ஸம்பர்க் அரண்மனை ஜன்னலில் பட்டுத் தெறித்த வெயிலை கால்சைட் வழியாகப் பார்த்தார். படிகத்தைத் திருப்பத் திருப்ப இரண்டு பிம்பங்களும் மாறி மாறி மங்கின. காஸ் வர்க்க விதிக்கு அவர் வந்தது அதற்குப் பிறகு.

இப்போது வெள்ளி அணுக்களுக்கு வாருங்கள். 1922இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக் கற்றையைச் சீரற்ற காந்தப்புலம் வழியாக விட்டார்கள். அது இரண்டாகப் பிரிந்தது. அதில் ஒரு கற்றையை மட்டும் எடுத்து, திருப்பி வைத்த இன்னொரு காந்தம் வழியாக விட்டால் மறுபடியும் இரண்டு பங்கு வரும். ஆனால் இங்கே பங்கு, திருப்பிய கோணத்தின் காஸ் வர்க்கம் அல்ல. கோணத்தில் பாதியின் காஸ் வர்க்கம்.

வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரியது. போலராய்டை, அதாவது ஒரே தளத்து அதிர்வை மட்டும் விடும் தகட்டை, 90 பாகை திருப்பினால் ஒளி சுத்தமாக நின்றுவிடும். காந்தத்தை 90 பாகை திருப்பினால் வெள்ளி அணுக்களில் சரிபாதி அந்தப் பக்கம் போகும், சுத்தமாக நிற்க 180 பாகை வேண்டும்.

முற்றொருமை இரண்டுக்கும் பொருந்துகிறது. முழுக் கோணம் போட்டாலும் கூட்டல் 1, பாதிக் கோணம் போட்டாலும் கூட்டல் 1. அப்படியானால் எது ஒளிக்கு, எது வெள்ளிக்கு என்று அது எப்படிச் சொல்லும்? அதை ஆய்வகம்தான் சொல்கிறது.

வடமுனை:
மேடம் சொன்னதை ஏற்கிறேன். ஆனாலும் சுருள்வில் சார் பக்கம் ஒரு ஆழமான விஷயம் இருக்கிறது, அது சொல்லப்படாமல் போகக்கூடாது.

கோணம் எது என்பதை இயற்கை முடிவு செய்யட்டும். ஆனால் ஏன் இரண்டு இடத்திலும் வர்க்கம்? ஏன் நான்காம் படி இல்லை?

மேசை மேல் ஒரு அம்பு வைத்து அதன் கிழக்குப் பங்கையும் வடக்குப் பங்கையும் எழுதுங்கள். அந்த இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வரும் தொகை மாறாதபடி, தளம் முழுவதையும் நேரியலாக (நேர்கோடுகள் நேர்கோடுகளாகவே இருக்கும்படி) மாற்ற எத்தனை வழி? எண்ணற்ற வழிகள். எவ்வளவு சிறிய கோணமானாலும் திருப்பலாம். இப்போது வர்க்கத்துக்குப் பதில் நான்காம் படிகளின் தொகை மாறக்கூடாது என்று வையுங்கள். மொத்தம் எட்டே வழிகள்தான் மிஞ்சும்: கிழக்கையும் வடக்கையும் இடம் மாற்றலாம், குறியை மாற்றலாம், அவ்வளவுதான். மூன்றாம் படியானாலும், அளவை மட்டும் கூட்டினாலும் இதே கதி. கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவது என்ற ஒன்றே இல்லாமல் போகிறது.

அதாவது, ஒரு படிகத்தைத் துளித்துளியாகத் திருப்ப முடிகிற உலகத்தில், பங்குகளின் மொத்தமும் மாறக்கூடாது என்றால், வர்க்கம்தான் வந்தாக வேண்டும். இது ஆய்வகத்துக்குப் போகாமலே தெரிகிறது. முற்றொருமையை வெறும் கருவி என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

மெய்ப்பு:
வடமுனை, இந்த இழையில் இதுவரை வந்ததில் இதுதான் வலுவான வாதம். நான் வகுப்பில் இதைச் சொன்னதே இல்லை, இனிமேல் சொல்வேன்.

ஆனால் உங்கள் வாக்கியத்தில் ஒரு ‘என்றால்’ இருக்கிறது. நம் சண்டை முழுவதும் அந்த ‘என்றால்’ பற்றித்தான். அதற்கு இன்னொரு இடம் காட்டுகிறேன்.

இரண்டு கோணங்களின் கூட்டலுக்கு டேன் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: மேலே இரண்டு டேன்களின் கூட்டல், கீழே 1 கழித்தல் அவற்றின் பெருக்கல். ஐன்ஸ்டைன் 1905இல் தந்த திசைவேகக் கூட்டலும் அச்சு அசலாக இதே வடிவம்தான். ஒளியின் வேகத்தை 1 என்று வைத்தால், மேலே இரண்டு வேகங்களின் கூட்டல், கீழே 1 கூட்டல் அவற்றின் பெருக்கல். ஒரே ஒரு குறி வேறு. குறியே இல்லாமல், கீழே வெறும் 1 என்று வைத்தால் அது கலிலியோவின் சாதாரணக் கூட்டல்.

கழித்தல், பூஜ்யம், கூட்டல். மூன்றுமே கணிதத்தில் பழுதில்லாதவை. மூன்றுக்கும் அதனதன் முற்றொருமை உண்டு. இதில் நம் உலகம் எது?

1851இல் ஃபிஸோ, ஓடும் தண்ணீருக்குள் ஒளியை விட்டுப் பார்த்தார். தண்ணீர் ஒளியைக் கூடவே இழுத்துப் போகிறதா என்பது கேள்வி. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, அதாவது நிற்கும் தண்ணீரில் ஒளியின் வேகம் வெற்றிடத்து வேகத்தை 1.33ஆல் வகுத்தது. கலிலியோ கணக்குப்படி தண்ணீரின் வேகம் முழுவதும் ஒளியோடு சேர வேண்டும். கழித்தல் குறி என்றால் ஒன்றரை மடங்குக்கும் மேலே சேர வேண்டும். கூட்டல் குறி என்றால் 0.43 பங்கு மட்டும் சேர வேண்டும். ஃபிஸோ கண்டது பாதிக்கும் குறைவான இழுவையைத்தான். 1886இல் மைக்கேல்சனும் மார்லியும் கருவியைச் செம்மைப்படுத்தித் திரும்பச் செய்தார்கள், 0.43 வந்தது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது திசைவேகக் கூட்டல்தான் என்று ஜெர்மன் இயற்பியலாளர் லாவே காட்டியது 1907இல்.

ஐன்ஸ்டைன் பிறப்பதற்கு 28 வருடம் முன்பே அந்தக் குறியைத் தண்ணீர்க் குழாய் சொல்லிவிட்டது. படிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.

பதினொன்று_ஆ:
சார், நான் சுருள்வில் சாரின் மாணவன். அப்படியென்றால் ஆற்றல் மாறா விதி எங்கிருந்துதான் வருகிறது? முற்றொருமையிலிருந்து இல்லை என்றால்?

மெய்ப்பு:
நல்ல கேள்வி தம்பி. 1918இல் எம்மி நோய்தர் வெளியிட்ட தேற்றம் அதற்கு விடை தருகிறது. இன்று செய்த சோதனையை நாளை அதேபோலச் செய்தால் அதே விடை வருகிறதல்லவா? விதிகள் நேரத்தோடு மாறுவதில்லை. அந்த ஒன்றிலிருந்து ஆற்றல் மாறாமை வருகிறது. இடத்தோடு மாறுவதில்லை என்பதிலிருந்து உந்தம் மாறாமை. திசையோடு மாறுவதில்லை என்பதிலிருந்து கோண உந்தம் மாறாமை. தேங்காய்க்கும் இது பொருந்தும், சுருள்வில்லுக்கும் பொருந்தும். தையல் ஊசிக்கு ஏன் பொருந்தவில்லை என்று நீயே யோசித்துப் பார்: ஊசியை மட்டும் தனியாகப் பார்த்தால், அதன் மேல் செயல்படும் விசை நேரத்துக்கு நேரம் வெளியிலிருந்து மாறிக்கொண்டே இருக்கிறது.

வடமுனை:
அந்த மூன்றாவதைக் கவனியுங்கள், திசையோடு மாறுவதில்லை என்பது. அது சுழற்சி. சுழற்சி என்றாலே சைனும் காஸும்தான். நான் இன்னும் என் இடத்திலேயே நிற்கிறேன்.

சுருள்வில்:
என் முதல் பதிவின் கடைசிக் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். எல்லா விதிகளும் திரிகோணமிதியிலிருந்து பிறந்தவை என்று இனி வகுப்பில் சொல்ல மாட்டேன். சிலிர்த்தது மட்டும் பொய்யில்லை, வடமுனை சொன்ன வர்க்க வாதத்தைப் படித்தபோது மறுபடியும் சிலிர்த்தது.

இன்று காலை ஒரு மீட்டர் நூலில் இரும்புக் குண்டைக் கட்டி, பிள்ளைகள் கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தேன். சிறு கோணத்தில் விட்டபோது ஐந்து அலைவுக்கு 10.0 வினாடி. 60 பாகையில் விட்டபோது 10.6. வீச்சு போகப்போகக் குறைவதால் முழு 7 விழுக்காடு வரவில்லை என்று நானே விளக்க நினைத்தேன், அதற்குள் கடைசி வரிசைப் பெண் ஒருத்தி அதைச் சொல்லிவிட்டாள். நாளைக்கு 90 பாகை வேண்டுமாம். நூலுக்குப் பதில் மெல்லிய கம்பி தேடிக்கொண்டிருக்கிறேன்.