மாசியில் வாத்து குறைகிறது: வலசை கிளம்பியதா, ஏரி மாறியதா?

காவேரிப்பட்டணத்தான்:
வணக்கம். கிருஷ்ணகிரி அணையிலும் சுற்றுவட்ட ஏரிகளிலும் வாத்துகளை எண்ணுவதில் தையில் சிக்கலில்லை, மாசியில்தான் குழப்பம். ஒரு நாள் மூடுபனி, மறுநாள் சுள்ளென்று வெயில், நடுவில் இரண்டு நாள் தூறல். நேற்றிருந்த நீலச்சிறகி வாத்துக் கூட்டம் இன்று இல்லை என்றால் வடக்கே போய்விட்டது என்று எழுதலாமா? எந்த வானிலைக்கு எந்த நேரம் போக வேண்டும்?

தென்பெண்ணை:
புறப்படும் பருவத்தைப் பகல் நீளம் தீர்மானிக்கிறது. எந்த இரவு என்பது மட்டும்தான் வானிலையின் கையில். பகல் நீள நீள அவை கூடுதலாகத் தின்று உடம்பில் கொழுப்பு ஏற்றிக்கொள்ளும். எதிர்க்காற்றில் பறந்தால் அது சீக்கிரம் கரைந்துபோகும். அதனால் தூறலும் வாடைக்காற்றும் இருக்கும்வரை கூட்டம் தேங்கி நிற்கும். வானம் வெளுத்துக் காற்று தளர்ந்த இரவில் கிளம்பும். மழை விட்ட அன்று மாலையும் மறுநாள் காலையும், இரண்டு வேளையும் எண்ணுங்கள். ஒருவேளைக் கணக்கு எதற்கும் உதவாது.

அந்தி சாய எழும்பும் கூட்டத்தை வலசை என்று எழுதிவிடாதீர்கள். இருட்டியதும் நெல்வயலுக்கு மேயப் போவது வாத்துகளின் அன்றாடப் பழக்கம், விடிவதற்குள் திரும்பிவிடும். காலை 7 மணிக்கும் காணோம் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

அப்போதும் புள்ளிமூக்கு வாத்தைப் பாருங்கள். அது இங்கேயே இருப்பது. அதுவும் சேர்ந்து குறைந்திருந்தால் பரிசல், வலை, நீர்மட்டம் என்று ஏதோ கலைத்திருக்கிறது. பாரூர் ஏரிப் பக்கம் போய்த் தேடலாம். புள்ளிமூக்கு அப்படியே இருந்து வலசை வாத்துகளான நீலச்சிறகியும் ஊசிவாலும் மட்டும் இல்லாமல், அடுத்த மூன்று நாளும் வரவில்லை என்றால் கிளம்பிவிட்டதாகக் கொள்ளலாம். '0' என்றாலும் தேதியோடு குறியுங்கள். அந்தப் பூஜ்யம் இல்லாமல் கடைசி நாள் எது என்றே தெரியாது.

நிற்கும் இடம், நேரம் மாறக்கூடாது. காலையில் கிழக்குக் கரையில் நின்றால் வெயில் முதுகில் விழும், நிறம் சரியாகத் தெரியும். 8×42 பைனாகுலர் போதும். தூரத்துக் கூட்டத்துக்கு ஸ்கோப் (தாங்கியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) வேண்டும். ஆனால் 9 மணிக்கு மேல் கானல் ஆடத் தொடங்கினால் ஸ்கோப்பில் எல்லாமே நெளியும். பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அந்த அளவால் கூட்டத்தை அளந்துகொண்டே போங்கள்.

காவேரிப்பட்டணத்தான்:
நன்றி அண்ணா. ஆண் நீலச்சிறகி கண்ணில் படுவதே அபூர்வமாக இருக்கிறதே?

தென்பெண்ணை:
இருக்கும், அடையாளம் தெரிவதில்லை. ஆண்கள் மாசி வரைகூடப் பெட்டை போலவே பழுப்பாகத் திரியும். புது இறகு வந்த பிறகுதான் கண்ணுக்கு மேலிருந்து பின்கழுத்துக்கு இறங்கும் வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரியும். அதுவரை பறக்கும்போது பாருங்கள், ஆணின் முன்சிறகு வெளிர்நீலம்.

பாலக்கோடு:
ஏரியோடு நின்றுவிடாதீர்கள். இலவமரமும் கல்யாண முருங்கையும் பூத்திருக்கும் இடத்தில் இன்னொரு வலசைப் பறவையான சூறைக்குருவி தேன் குடிக்க வரும். தையில் அழுக்குப் பழுப்பாக இருந்த உடம்பு பங்குனியில் ரோஜா நிறமாகும். புது இறகு முளைத்து அல்ல. பழைய இறகின் பழுப்பு நுனி தேய்ந்து அடிநிறம் வெளிப்படுகிறது. பைனாகுலரில் ஒரே கிளையில் இரண்டு நிலையும் தெரியும். மாந்தோப்பில் பூச்சி தின்னும் கதிர்க்குருவியைத் தேடுகிறவர்கள், பூவுக்கு மருந்து அடித்த தோப்பை விட்டுவிட்டு வேறு தோப்பு பாருங்கள். பூச்சி இல்லாத மரத்தில் அதற்கு வேலையில்லை.

வலசை வரும் பூனைப்பருந்துக்கு மட்டும் அதிகாலையில் ஓட வேண்டாம். மழை விட்ட மறுநாள் வெயில் ஏறி, தரையிலிருந்து சூடான காற்று மேலெழும்பும் 10 மணி வாக்கில் வானத்தைப் பாருங்கள்.

காற்றைப் பற்றி ஒன்று. தரையில் இலை அசையாத இரவிலும் மேலே வேகமாக வீசலாம். காற்றின் திசை காட்டும் விண்டி செயலியில் 850 ஹெச்பிஏ (காற்றழுத்த அளவு) மட்டத்தை வைத்துப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர், நம் தரைக்கு மேலே ஆயிரம் மீட்டர் வரும். அங்கே அம்புக்குறி தெற்கிலிருந்து வடக்கே திரும்பிய இரவுக்கு மறுநாள் காலை கட்டாயம் போய்விடுங்கள்.