நிமோகாக்கஸ் 19ஏ: வளர்த்துவிட்டது தடுப்பூசியா, ஆன்டிபயாடிக்கா?

கரிசல்காற்று:
"தடுப்பூசி வந்தது, மருந்துக்கு அடங்காத நிமோகாக்கஸ் ஒழிந்தது" என்று ஆய்வகவாசி வேறொரு இழையில் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. நிமோகாக்கஸ், நிமோனியாவும் மூளைக்காய்ச்சலும் தரும் பாக்டீரியா; அதில் பல வகைகள் உண்டு. 2000இல் அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அவற்றில் ஏழு வகைகளுக்கான தடுப்பூசி வந்தது. அந்த ஏழில் சேராத 19ஏ என்ற வகை, அடுத்த சில வருடங்களில் தலைதூக்கியது. அதில் பல கிருமிகள் பென்சிலினுக்கும் அடங்கவில்லை, எரித்ரோமைசினுக்கும் அடங்கவில்லை. மற்ற வகைகளை விரட்டி அதற்கு இடம் காலி செய்து கொடுத்தது எது? ஊசிதானே?

ஆய்வகவாசி:
முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள். பென்சிலினுக்கு அடங்காத நிமோகாக்கஸ் ரத்தத்திலோ மூளையுறையிலோ புகுந்த நோய், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 1999இல் லட்சத்துக்கு 70.3. 2004இல் 13.1. ஊசி போடாத முதியவர்களிடமும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, ஏனென்றால் பேரன் பேத்தியிடமிருந்து தொற்றுவது குறைந்தது. அதே வயதுக் குழந்தைகளில் 19ஏ 2.0இலிருந்து 8.3 ஆனது. 57 இறங்கியது கண்ணில் படவில்லை, 6 ஏறியது மட்டும் பட்டதா?

கரிசல்காற்று:
ஏறியதை நீங்களே எழுதிவிட்டீர்கள், நன்றி. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில் காதில் சீழ் வைத்த சில குழந்தைகளிடம் ஒரு 19ஏ கிடைத்தது. குழந்தைகளின் காதுத்தொற்றுக்கு அனுமதி பெற்ற எந்த ஆன்டிபயாடிக்கும் அதனிடம் செல்லவில்லை. 2007இல் வெளியான ஆய்வு. ஏழு வகை ஊசி போட்ட ஊர்தான் அது.

ஆய்வகவாசி:
கொரியா. அங்கே இந்த ஊசி வருவதற்கு முன்பே 19ஏ ஏறத் தொடங்கிவிட்டது. தென் இஸ்ரேலில் பெடூயின் என்ற அரபுச் சமூகத்துக் குழந்தைகளிடமும் ஊசி வராத காலத்திலேயே ஏறியது. அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கின் புழக்கம் கூடியிருந்த காலம் அது. ஊசியே இல்லாத இடத்தில் இடத்தைக் காலி செய்தது யார்? கொரியாவுக்குப் பதில் சொல்லுங்கள்.

கரிசல்காற்று:
அமெரிக்காவைப் பற்றிக் கேட்டால் கொரியாவுக்கு ஓடுகிறீர்கள். டெங்கு இழையிலும் இதே ஓட்டம்தான்.

தேன்சிட்டு:
இருவரும் ஒரே கணக்கைத்தான் பேசுகிறீர்களா? ஒருவர் லட்சம் பேரில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்கிறார். மற்றவர் மிச்சமிருந்த கிருமியின் குணத்தைச் சொல்கிறார். அப்புறம், "அடங்காதது" என்பதன் அளவே 2008இல் அமெரிக்காவில் மாறியது. மூளைக்காய்ச்சல் அல்லாத தொற்றில், ஊசியாக ஏற்றும் பென்சிலினுக்குக் கிருமி அடங்கும் என்று கொள்ளும் வரம்பு மில்லிலிட்டருக்கு 0.06 மைக்ரோகிராமிலிருந்து 2 ஆக உயர்ந்தது. எந்த அளவை வைத்துப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லுங்கள்.

ஆய்வகவாசி:
அளவு இருக்கட்டும். கொரியா?

மலைக்கோட்டை:
கொரியா எதற்கு? மூக்கு ஒழுகினாலே எங்கள் தெருவில் அசித்ரோமைசின் மூன்று மாத்திரை. சீட்டே இல்லாமல் மருந்துக்கடைக்காரர் எடுத்து நீட்டுகிறார்.

மாத்திரைப்பெட்டி:
நான் கடை வைத்திருப்பவன். சீட்டு கேட்டால் "அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறேன்" என்று முறைத்துவிட்டுப் போவது யார்? உங்களைப் போன்றவர்கள்தான்.

மலைக்கோட்டை:
என்னை எங்கே பார்த்தீர்கள்? நான் சீட்டில்லாமல் வாங்கியதே கிடையாது. வார்த்தையைத் திரும்பப் பெறுங்கள்.

மாத்திரைப்பெட்டி:
முதலில் கடைக்காரர்களைப் பற்றிச் சொன்னதை நீங்கள் திரும்பப் பெறுங்கள்.

ஆய்வகவாசி:
சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி அப்படியே நிற்கிறது. இன்னொன்று: ஏழு வகை ஊசியில் 19ஏயை ஒத்த 19எஃப் இருந்தது. அதனால் உண்டாகும் எதிர்ப்புப்புரதம் 19ஏயையும் பிடிக்கும் என்று நம்பினார்கள். ஒட்டியது, ஆனால் கொல்லும் அளவுக்கு வேலை செய்யவில்லை. 2010இல் பதின்மூன்று வகை ஊசியில் 19ஏயையே சேர்த்தார்கள், அதுவும் இறங்கியது. ஊசிதான் குற்றவாளி என்றால் ஊசியாலேயே எப்படி இறங்கியது?

கரிசல்காற்று:
இறங்கியதும் 35பி என்ற இன்னொரு வகை வந்தது. அதுவும் பென்சிலினுக்குச் சரியாக அடங்காதது, பதின்மூன்றில் இல்லாதது. நான் முதலில் சொன்னதும் இதுதான். ஒன்றை அடித்தால் இன்னொன்று வருகிறது.

ஆய்வகவாசி:
வந்த 35பி, போன வகைகளின் அளவுக்கு வந்ததா? மொத்த நோய் பழைய நிலைக்குத் திரும்பியதா? இல்லை. 2024இல் பெரியவர்களுக்கு வந்த இருபத்தொரு வகை ஊசியில் 35பியும் இருக்கிறது. கொரியாவைப் பற்றி இன்னும் ஒரு வரி வரவில்லை.

கரிசல்காற்று:
ராச்செஸ்டரைப் பற்றி நீங்கள் ஒரு வரி எழுதுங்கள், பிறகு கொரியாவுக்கு வருகிறேன்.

ஆய்வகவாசி:
முதலில் கேட்டது நான்.