ஜாவா, சி ஷார்ப்: ஒரே குட்டையில் ஊறின மட்டையா?

எட்டுக்கால்பூச்சி:
ஜாவா, சி ஷார்ப்ங்கிற ரெண்டு புரோகிராமிங் மொழியைப் பத்திப் பக்கத்து இழையில் குப்பைவண்டி அருளியது: "ரெண்டும் ஒண்ணுதான். மெத்தட் பேரில் முதல் எழுத்து சின்னதா பெருசாங்கிறதுதான் வித்தியாசம்." அதுக்குக் கைதட்டல் வேற. சரி, ஜாவாவில் ஒரு லிஸ்ட்<இன்டீஜர்> எடுத்து ஒரு கோடி எண் போடுங்க. ஜாவாவை ஓட்டுற 64 பிட் ஹாட்ஸ்பாட் எஞ்சினில் ஒவ்வொரு இன்டீஜரும் தனி ஆப்ஜெக்ட், மெமரியில் தனி டப்பா. டப்பாவோட விவரம் எழுதின ஹெடர் 12 பைட், மதிப்பு 4, அதைச் சுட்டுற ரெஃபரன்ஸ் 4. எண்ணுக்கு 20 பைட், மொத்தம் 200 எம்பி. சி ஷார்ப் லிஸ்ட்<இன்ட்>டில் டப்பா இல்லை, எண்ணுக்கு 4 பைட், 40 எம்பி. இதுவா முதலெழுத்து வித்தியாசம்?

குப்பைவண்டி:
வந்துட்டாருய்யா. ஒரு கோடி எண்ணை லிஸ்ட்டில் கொட்டச் சொன்னது யாரு? எண்ணை நேரா வைக்கிற இன்ட்[] அரே இருக்கு, அதுவும் 4 பைட்தான். லிஸ்ட்தான் வேணும்னா ஃபாஸ்ட்யூட்டில்ங்கிற லைப்ரரியில் இருக்கு. அந்த 40 எம்பியும் டுபாக்கூர். எத்தனை இடம் வேணும்னு கெப்பாசிட்டி சொல்லாம ஆரம்பிச்சா உங்க லிஸ்ட் 4, 8, 16னு இரட்டிச்சுக்கிட்டே போகும். ஒரு கோடி கொள்ள 1,67,77,216 இடம், அதாவது 67 எம்பி. கடைசித் தடவை காப்பி பண்ணும்போது பழைய அரேயும் சேர்ந்து 100. 85,000 பைட் தொட்ட அரே பெரிய ஆப்ஜெக்ட் ஹீப்ங்கிற தனி மெமரிப் பகுதிக்குப் போயிடும், ஜென் 2ங்கிற முழு மெமரிச் சுத்தம் ஓடினாத்தான் கழியும்.

எட்டுக்கால்பூச்சி:
நியூ லிஸ்ட்<இன்ட்>(10000000)னு இடத்தை முதல்லயே சொல்லிட்டா தீர்ந்தது. உங்க 20 பைட்டுக்கு இப்படி ஒரு வரி இருந்தா சொல்லுங்க. உங்க அரேலிஸ்ட் மட்டும் வளராதா? அதுவும் ஒண்ணரை மடங்கா வளருது. லிஸ்ட்டைக் கேட்டா இன்ட்[]ஐக் காட்டுறது, சட்டைக்குப் பட்டன் இல்லைன்னா துண்டு போத்திக்கோங்கிற கதை.

சும்மா_வந்தவன்:
ரெண்டு இன்டீஜர்ல 127 வச்சு == போட்டா ட்ரூ, 128 வச்சா ஃபால்ஸ்னு வருமே, அதுவும் இதே வியாதிதானா? இன்டர்வியூல இதையே கேட்டுச் சாவடிக்கிறாங்க.

குப்பைவண்டி:
வியாதி இல்லை தம்பி. == பார்க்கிறது ரெண்டும் ஒரே ஆப்ஜெக்டான்னு. மைனஸ் 128 முதல் 127 வரை கேஷில் தயாரா இருக்கும், அதைத் தாண்டினா வேற வேற ஆப்ஜெக்ட். மதிப்பை ஒப்பிடுற ஈக்வல்ஸ் போடுறவனுக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

பழைய_பரணி:
கோபம் வகை அழிப்பின் மேல், அதாவது லிஸ்ட்டுக்குள் என்ன வகை என்பதை ஜாவா ஓடும்போது மறந்துவிடுவதன் மேல் என்றால் அதன் காரணத்தையும் சொல்லுங்கள். 2004இல் ஜாவா 5 வந்தபோது, பழைய லைப்ரரிகளைத் தொடாமல் ஒவ்வொரு ஃபைலாக, லிஸ்ட்டின் வகையைக் குறிப்பிடும் ஜெனரிக்ஸுக்கு மாற வழி வேண்டியிருந்தது. ஆகவே ரன்டைமில், அதாவது ஓடும்போது, எல்லாம் வெறும் லிஸ்ட். மறு வருடம் சி ஷார்ப் 2 என்ன செய்தது? பழைய அரேலிஸ்ட் ஒரு பக்கம், புது லிஸ்ட் ஒரு பக்கம். அரேலிஸ்ட் கேட்கும் மெத்தடுக்குப் புது லிஸ்ட்டைக் கொடுக்கவே முடியாது.

தனித்தமிழன்:
அழிப்பு அல்ல, "வகை நீக்கம்".

எட்டுக்கால்பூச்சி:
ஐயா, மாறுற வேலை ஒரு தடவை. 20 பைட் இன்னிக்கும் இருக்கு. பழசையும் புதுசையும் இணைச்ச அந்தப் பாலத்துக்குக் கட்டுற சுங்கத்தையும் பாருங்க. வகை போடாத லிஸ்ட் வழியா இன்டீஜர் லிஸ்ட்டுக்குள்ள ஒரு ஸ்ட்ரிங் நுழைஞ்சா, நுழையிற இடத்தில் கம்பைலர் வெறும் எச்சரிக்கை தரும். எங்கேயோ நாலு ஃபைல் தள்ளி, எடுக்கிற வரியில் வகை பொருந்தலைன்னு கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் வெடிக்கும். பிழை வந்த வழியைச் சொல்ற ஸ்டாக் ட்ரேஸ் கைகாட்டுறது நிரபராதியை. அப்புறம் லிஸ்ட்<ஸ்ட்ரிங்> வாங்குற மெத்தடும் லிஸ்ட்<இன்டீஜர்> வாங்குற மெத்தடும் ஒரே கிளாஸில் ஒரே பேரில் இருக்க முடியாது. ஆப்ஜெக்ட் இருக்கிற மெமரியான ஹீப் 32 ஜிபி தாண்டினா ரெஃபரன்ஸே 8 பைட், அப்போ 20 கூட இல்லை, 24. இதைச் சரிபண்ண ஆரம்பிச்ச ஜாவாவின் வால்ஹாலா திட்டம் 2014லிருந்து புலி வருது.

குப்பைவண்டி:
ஜாவா 25இல் ஹெடர் 8 பைட்டா சுருங்கிடுச்சு. பழைய பாடத்தையே ஒப்பிக்காதீங்க.

எட்டுக்கால்பூச்சி:
அந்த 25இல் ஓட்டும்போது தனியா ஃபிளாக் போட்டாத்தான் சுருங்கும். போட்டே பாருங்க. 8ம் 4ம் 12. ஆப்ஜெக்ட் 8இன் மடங்கில் நிக்கணும், ஆக மறுபடி 16. ரெஃபரன்ஸ் 4. சுத்திச் சுத்திச் சுப்பர் கொல்லை, 20.

குப்பைவண்டி:
நல், அதாவது மதிப்பே இல்லாத null, வரலாம்னு குறிக்க சி ஷார்ப் 8இல் வந்த "ஸ்ட்ரிங்?" மட்டும் என்னவாம்? ரன்டைமில் அது வெறும் ஸ்ட்ரிங். எச்சரிக்கையைக் கண்டுக்காம விட்டா, கேள்விக்குறி போடாத ஸ்ட்ரிங்கிலும் நல் ஜாலியா உள்ளே போகும். ஊருக்குத்தான் உபதேசம்! செக்டு எக்ஸெப்ஷன் இழையில் பாதியில் ஓடினவர்தானே நீங்க?

எட்டுக்கால்பூச்சி:
ஓடலை, பூட்டிட்டாங்க. உங்க "ஸ்ட்ரிங்?" எத்தனை பைட் கூடுதலா தின்னுது? பூஜ்யம். நான் கேட்டது 20.

தனித்தமிழன்:
"பைட்" அல்ல, "எண்ணுண்மி".

சும்மா_வந்தவன்:
அண்ணே, லிஸ்ட்<இன்டீஜர்>ல ரிமூவ்(1) போட்டா 1ங்கிற எண் போகாம ரெண்டாவது ஆள் காணாமப் போறாரே, அது?

குப்பைவண்டி:
அது இன்டெக்ஸ், 0லிருந்து எண்ணுற வரிசை இடம். எண்ணு போகணும்னா இன்டீஜர்.வேல்யூஆஃப்(1) கொடு. இதுக்கும் ஒருத்தர் 20 பைட்னு வருவார் பாரு.

எட்டுக்கால்பூச்சி:
இதுவும் எண்ணை ஆப்ஜெக்டுக்குள்ள அடைக்கிற அதே பாக்ஸிங்தான். 20 பைட்.

குப்பைவண்டி:
இன்ட்[].