மீசப்புலிமலை போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 62 வயது. தென்னிந்தியாவின் உயர்ந்த சிகரங்களில் ஒன்றிலாவது தன் காலால் ஏறி நிற்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. இரண்டு மாதமாகத் தினமும் விடியற்காலையில் எங்கள் ஊர்க் கோயில் மலைப்படிகளை ஏறி இறங்குகிறார். கான்வாஸ் காலணியின் அடிப்பாகம் இப்போதே தேய்ந்துவிட்டது!

ஆனைமுடி 2,695 மீட்டர். எல்லாவற்றிலும் உயரம் அதுதான், ஆனால் வரையாடுகளின் காப்பிடம் என்பதால் உச்சிக்குப் பொதுவாக விடுவதில்லை. தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஊட்டியிலிருந்து உச்சிவரை தார்ச்சாலை போகிறது. காரில் போய் இறங்கினால் அவர் மனம் நிறையாது. ஆகவே மூணாறுப் பக்கமுள்ள மீசப்புலிமலைதான் (2,640 மீட்டர்) என் எண்ணம்.

அம்மாவுக்குத்தான் பயம். 2018 குரங்கணிக் காட்டுத்தீயை அவர் இன்னும் மறக்கவில்லை. அதனால் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஓர் அடிகூட வைக்க மாட்டோம்.

இந்த வயதில் ஏறியவர்கள் இருக்கிறீர்களா? இறக்கத்தில் முழங்கால் தாங்குமா? டிசம்பர் குளிரில் முகாமில் தங்கலாமா, ஜனவரி கடைசிதான் நல்லதா? அனுமதிக்கு எத்தனை நாள் முன்பே பதிய வேண்டும்? தயவுசெய்து விவரமாக எழுதுங்கள், அப்பாவுக்கு அப்படியே படித்துக் காட்டுவேன்.